இரண்டு குப்பங்களுக்கு நடுவே எஸ்தர் மேடம்

செய்தி எனக்குக் கல்லூரியிலிருந்து வரவில்லை. செங்கல்பட்டு ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது அஞ்சலை போனில் அழைத்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருப்பவர் அவர். கணவர் இறந்த பிறகு படகைக் கொழுந்தன் பொறுப்பில் விட்டுவிட்டு, கரையில் மீன் ஏலத்தைத் தானே பார்த்துக்கொள்கிறவர்.

“எங்க கீறீங்க சார்?”

“ஸ்டேஷன்ல, படியேறிக்கிட்டிருக்கேன். என்னம்மா?”

“அப்ப ஓரமா நின்னு கம்பிய புட்சிக்கோங்க. நம்ம எஸ்தர் மேடம் பூட்டாங்க சார். காலைல.”

கம்பியைப் பிடித்துக்கொள்ளத் தேவை இருக்கவில்லை. அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து வெகு நாளாகிவிட்டது, எதிர்பார்த்த செய்திதான். எனக்கு உறைத்தது வேறு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்து ஒரே பாடத்தை நடத்தியிருக்கிறோம். அந்தச் சாவு எனக்கு ஒரு படகுக்காரர் சொல்லித் தெரிய வேண்டியிருந்தது. துறையின் வாட்ஸ்அப் குழுவில் மதியத்துக்கு மேல்தான் தகவல் வந்தது. அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழுந்தன. அந்தக் கைகளில் பல, அவர் டயாலிசிஸுக்குப் போய்வந்த காலத்தில் ஒருமுறைகூட அவர் வீட்டுக் கதவைத் தட்டாதவை. நானும் அடிக்கடி போனவனல்ல. ஆனால் கைகூப்பும் படம் நான் போடவில்லை.

பிறகு இந்த நினைவு மலரில் எழுதக் கேட்டார்கள். எங்களுக்குள் மனத்தாங்கல் உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டார்களா, மறந்துவிட்டுக் கேட்டார்களா, தெரியவில்லை. பேராசிரியர் எஸ்தர் மனோன்மணியை அறிந்த உங்களுக்கு அவருடைய பட்டங்களை நான் அடுக்கத் தேவையில்லை. அச்சரப்பாக்கத்தில், அடுத்தவர் வயலில் நாற்று நட்ட பெற்றோருக்குப் பிறந்தவர். தினமும் ரயிலில் சென்னைக்குப் போய்வந்து சட்டம் படித்தவர். ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் நம் தனியார் கல்லூரிக்குப் பன்னாட்டுச் சட்டம் நடத்த வந்தார். நான் டெல்லியில் படித்து, ஐரோப்பாவில் ஓராண்டு ஆய்வும் செய்துவிட்டு அதே பாடத்துக்கு அதே துறையில் சேர்ந்தவன். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

துறைத் தலைவர் இடம் காலியானபோது அது எனக்கு வரும் என்று நினைத்தேன். அதற்கான தகுதி எனக்குத்தான் இருந்தது. இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை. நிர்வாகம் அவரை நியமித்தது. அறிவிப்பு வந்த அன்று பிற்பகல் அவரே என் அறைக்கு வந்தார். வாழ்த்தை எதிர்பார்த்து வந்திருக்கிறார் என்று எண்ணி, திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளிலிருந்து நான் தலையை நிமிர்த்தவில்லை.

“சார், உங்களுக்கு இதுல சம்மதம் இல்ல. எனக்குத் தெரியும்” என்றார்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“அதுக்குத்தான் வந்தேன். சொல்லாம விட்டா நாளைக்கு ஒத்துக்கிட்டதா ஆயிடும். எழுதிக் குடுங்க. துறை வழியாத்தான் போகணும். நானே அனுப்பறேன்.”

எழுதிக் கொடுத்தேன். அவரைவிட எனக்குள்ள தகுதிகள் எவை என்பதைத் தாட்சண்யம் இல்லாமல் எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். பதில் வரவில்லை. அவருக்குக் கீழேயே அடுத்த பல ஆண்டுகள் வேலை செய்தேன். அன்று அவர் செய்தது பெருந்தன்மையா, அல்லது பேசாமலிருந்தால் சம்மதித்ததாகும் என்று எங்கள் பாடத்தில் இருப்பதை என்மீது செய்து பார்த்தாரா என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

முதல் நாள் வகுப்பில் அவர் கேட்கும் கேள்வி பழைய மாணவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். “நாடுகளுக்கு மேல போலீஸ் இல்ல. ஜெயில் இல்ல. கோர்ட் இருக்கு, ஆனா எதிராளியும் வரேன்னு ஒத்துக்கிட்டாத்தான் வழக்கு. அப்படியும் பெரும்பாலான நாடு, பெரும்பாலான நாள், குடுத்த வாக்குப்படி நடக்குது. ஏன்?” பயம் என்று யாராவது சொல்வார்கள். “சின்ன நாட்டுக்குப் பெரிய நாடு எதுக்குப் பயப்படணும்?” என்பார். பதில் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வகுப்பையே வேனில் ஏற்றிக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார்.

அங்கே ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு பஞ்சாயத்து, ஒரு நாட்டார். ஊர்த் தலைவரை அப்படித்தான் அழைக்கிறார்கள். பெரிய குப்பமோ சின்னக் குப்பமோ, பல ஊர்கள் கூடிப் பேசும்போது எல்லா நாட்டாருக்கும் ஒரே பாய்தான். கரையில் எல்லை எது, எந்த வலையை எப்போது போடக் கூடாது, புயலில் ஒதுங்கிய அயலூர்ப் படகை எப்படி நடத்த வேண்டும் என்பதெல்லாம் யாரும் சட்டமாக இயற்றாமல் ஊர்களுக்குள் பழகிப் பழகி நிலைத்தவை. “இறையாண்மை, சமத்துவம், வழக்காறு. புத்தகத்துல இருக்கறது இங்க நடந்துகிட்டிருக்கு” என்பார். நான் அதைச் சுற்றுலா என்று சொல்லிவந்தேன். அரசர்கள் முத்திரையிட்ட உடன்படிக்கைகளிலிருந்து வளர்ந்த ஒரு சட்டத்தை நெத்திலி காயும் மணலில் வைத்துக் கற்பிக்க முடியாது என்று துறைக் கூட்டத்திலேயே சொன்னேன். “மினிட்ஸ்ல போட்டுக்கலாமா சார்?” என்று கேட்டார். போட்டுக்கொண்டார்.

அந்தச் சுற்றுலாதான் எங்கள் இரண்டு பேரையும் ஒரு வழக்கில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அஞ்சலையின் ஊரை வடக்குக் குப்பம் என்றும் அதற்கு அடுத்த ஊரைத் தெற்குக் குப்பம் என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். தெற்குக் குப்பத்தைக் கடல் அரிக்காமல் இருக்க அரசாங்கத்தார் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டார்கள். கல்லுக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே போக வேண்டிய மணல் அங்கேயே நின்றுவிட்டது. சில ஆண்டுகளில் தெற்குக் குப்பத்துக்கு மைதானம் போலக் கரை வந்தது; வடக்குக் குப்பத்தில் அலை வீட்டுப் படியைத் தொட்டது. படகை ஏற்றி நிறுத்த மணல் இல்லாமல் வடக்குக் குப்பத்தார் தெற்குக் கரையில் ஏற்றத் தொடங்கினார்கள்.

கேட்டுத்தான் ஏற்றினார்கள். புரட்டாசியில், மழைக்காலக் கடல் பொங்குவதற்கு முன், வெற்றிலை பாக்கு பழம் வைத்த தட்டோடு போய்த் தெற்குக் குப்பத்து நாட்டார் எல்லப்பனைக் கேட்டார்கள். அவர் தட்டை வாங்கிக்கொண்டு சரி என்றார். சில ஆண்டுகள் இப்படிப் போனது. பிறகு ஓர் ஆண்டு அவர் தட்டை வாங்கவில்லை. “பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த ஊரு. சொந்தக்காரன் வூட்டுக்கு வர்றதுக்குத் தட்டு எதுக்குபா? எடுத்துகினு போ” என்று திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு தட்டு போகவில்லை. பத்தாண்டுக்கு மேல் யாரும் கேட்கவும் இல்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

ஒருநாள் வடக்குக் குப்பத்து இளைஞர்கள் அந்த மணலில் வலை பின்ன ஒரு கூடம் கட்டுவதற்காகக் கம்பம் நட்டார்கள். தெற்குக் குப்பத்து இளைஞர்கள் கம்பத்தைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இனி ஒரு படகும் இங்கே ஏறக் கூடாது என்று கரை நெடுகக் கயிறு கட்டினார்கள். போலீஸ் வந்து இரண்டு பக்கத்திலும் சிலரை உட்காரவைத்துப் பேசிவிட்டுப் போனது. கோர்ட்டுக்குப் போனால் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்பது இரண்டு ஊருக்கும் தெரியும். தொலைவில் உள்ள துறைமுகத்துக்குப் போய்வந்தால் பிடித்த மீனை டீசல் செலவே தின்றுவிடும். படகை விற்றுவிடலாம் என்றார் அஞ்சலையின் கொழுந்தன். அந்தப் படகை விட்டால் அஞ்சலைக்கு வேறு பிழைப்பு இல்லை.

வகுப்புகள் வந்துபோன பழக்கத்தில் வடக்குக் குப்பத்தார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். நாங்கள் போனபோது எல்லப்பன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னா மேடம், அவங்க கூப்டாங்கன்னு வந்துகினு கீறீங்களா? எங்க எடத்துக்கு தீர்ப்பு சொல்ல நீங்க யாரு?”

“யாரும் இல்ல” என்றார் மேடம். “நீங்களும் கூப்பிடாம நான் இதப் பத்தி ஒரு வார்த்தை பேச முடியாது. டீ இருந்தா குடிச்சிட்டுப் போறேன்.”

டீ வந்தது. குடித்தார். வஞ்சிரம் இந்த வருஷம் எப்படி என்று கேட்டார். எழுந்து வந்துவிட்டார். திரும்பும் வழியில் எனக்குக் கோபம் தாங்கவில்லை. படகுகள் ஏற இடமில்லாமல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருக்கின்றன, நீங்கள் சம்மதம் என்ற கோட்பாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள் என்றேன்.

“சம்மதமில்லாத தீர்ப்ப எந்தக் கயித்தால கட்டிவைப்பீங்க சார்?” என்று கேட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த வாரம் எல்லப்பனே கூப்பிட்டார். “அவ்ளோ நேரம் ஒக்காந்துகினு ஒண்ணும் பேசாம போச்சு பாரு, அந்தம்மா வரட்டும்” என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னாராம். மூன்று நடுவர்கள் என்று முடிவானது. தெற்குக் குப்பம் மேடத்தைக் குறிப்பிட்டது. வடக்குக் குப்பம் என்னைக் குறிப்பிட்டது. மூன்றாமவர், இரண்டு ஊருக்கும் பொதுவாக, தள்ளியிருக்கும் இன்னொரு குப்பத்தின் நாட்டார் துரைக்கண்ணு.

தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறோம் என்று இரண்டு ஊரும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வேலை நின்றுபோனது. எந்த ஊர்ப் பெயரை முதலில் எழுதுவது? எங்கள் பெயர் கீழே வந்தால் போட மாட்டோம் என்று இரண்டு பக்கமும் எழுந்து நின்றார்கள். அகரவரிசைப்படி எழுதலாம் என்று நான் சொன்னேன். “அ, ஆ எல்லாம் உங்க காலேஜுல வெச்சிக்கோங்க சார்” என்றார் ஒருவர். மேடம் இரண்டு தாள் எடுத்தார். ஒன்றில் வடக்குக் குப்பத்தின் பெயரை முதலில் எழுதி அதை அவர்கள் கையில் கொடுத்தார். மற்றதில் தெற்குக் குப்பத்தின் பெயரை முதலில் எழுதி இவர்களிடம் கொடுத்தார். இரண்டு ஊரும் இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டன. நாடுகளின் உடன்படிக்கைகளில் வெகுகாலமாக உள்ள முறை அது. நான் ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதும்கூட.

விசாரணையை மணலிலேயே வைத்தோம். அஞ்சலை எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

“அண்ணாத்த, நீ நிக்கற மண்ணு யார் மண்ணு? எங்க ஊருக்கு வர வேண்டிய மண்ணு. கல்லப் போட்டு நிறுத்திகினீங்க. எங்க மண்ண உங்க வூட்டாண்ட கொட்டிகினு எங்களையே வராதன்றியே.”

“கல்லு நானா போட்டேன்? போடுன்னு நான் கேட்டனா?” என்றார் எல்லப்பன்.

“வாணாம்னு சொன்னியா?”

தெற்குக் குப்பத்துப் பெண்களே சிரித்துவிட்டார்கள். எல்லப்பன் மேடத்தின் பக்கம் திரும்பினார். “தட்டு வாணாம்னு சொன்னது மரியாதிக்கு சொன்னது மேடம். வூட்டுக்கு வந்தவன ‘இரு, துன்னுட்டு போ’ன்னு சொன்னா, அவன் வூட்ட எழுதி வாங்கிப்பானா?”

மாமல்லபுரத்தில் சிற்பக்கூடங்கள் இருக்கும் சாலையில் ஓர் ஓட்டலில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் பேசினோம். உளிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது. என் குரல் எப்படியும் உயர்ந்திருக்கும். என் வாதம் எளிமையானது. வடக்குக் குப்பத்தார் பத்தாண்டுக்கு மேல் பகிரங்கமாக, தடையில்லாமல் அந்தக் கரையைப் பயன்படுத்தினார்கள். எதிர்க்க வேண்டியவர்கள் எதிர்க்கவில்லை. கேட்கும் முறையையே வேண்டாம் என்று நிறுத்தியவரும் நாட்டார்தான். எதிர்க்க வேண்டிய இடத்தில் நீண்ட காலம் பேசாமல் இருந்தவன் பிறகு பேச முடியாது. நாடுகளுக்கிடையில் எல்லைக்கோடுகளே இப்படி முடிவாகியிருக்கின்றன.

மேடம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “வெறும் பழக்கம் சட்டமாகாது சார். இது எங்க உரிமைன்னு அவங்களும், இது எங்க கடமைன்னு இவங்களும் நெனச்சுச் செஞ்சிருக்கணும். இங்க ரெண்டு பேரும் சொந்தம்னு நெனச்சுச் செஞ்சாங்க. உபசாரத்த உரிமையாக்கிட்டோம்னா, இந்தக் கரையில இனிமே எவனும் எவனையும் உள்ள வான்னு கூப்பிட மாட்டான்.”

துரைக்கண்ணு அதுவரை இட்லியைத் தவிர எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “எங்க கரையிலயும் பக்கத்து ஊரு படகு ரெண்டு ஏறிகினு கீது. சார் சொல்றதுதான் சட்டம்னா இன்னிக்கே எறக்கிடுவேன்” என்றார். அதோடு அவர்கள் இரண்டு பேர், நான் ஒருவன் என்றாகிவிட்டது.

தீர்ப்பு இது. கரை தெற்குக் குப்பத்துடையது. வடக்குக் குப்பத்துக்கு அதில் உரிமை இல்லை. கம்பமோ கூடமோ நடக் கூடாது. ஆனால் அத்தனை காலம் வா என்று வைத்திருந்துவிட்டு ஒரே நாளில் கயிறு கட்டுவது நல்லெண்ணமாகாது. வடக்குக் குப்பத்துக்குச் சொந்த மணல் திரும்பும்வரை, அவர்கள் ஒவ்வொரு புரட்டாசியிலும் தட்டோடு வந்து கேட்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல் தெற்குக் குப்பம் மறுக்கக் கூடாது. தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மரியாதைக்காகவும் அதைத் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தக் கடைசி வரியை எழுதும்போது எல்லப்பன் சங்கடப்படுவார் என்று துரைக்கண்ணு தயங்கினார். “அவரோட நல்ல மனசாலதான் இவ்வளவும் வந்தது” என்று மேடம் எழுதியே விட்டார்.

என் மாறுபட்ட கருத்தைத் தனியாக எழுதி, படிக்கத் தேவையில்லை, சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்தேன். இரண்டு ஊரும் கூடியிருந்த கரையில் மேடம் முதலில் தீர்ப்பை வாசித்தார். அது சுருக்கமாக முடிந்துவிட்டது. கலைய எழுந்தவர்களைக் கையமர்த்தினார். “சார் ஒத்துக்கல. அதையும் கேட்டுட்டுப் போகணும்” என்றார். என் கருத்து தீர்ப்பைப் போல நான்கு மடங்கு நீளம். முழுவதையும் வாசித்தார். தெற்குக் குப்பத்து இளைஞர்கள் நடுவில் கத்தியபோது நிறுத்தினார். அடங்கியதும் அந்தப் பத்தியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார். தன் தீர்ப்பைத் தவறு என்று சொல்லும் வரிகளை அவர் அடிக்கோடிட்டது போல அழுத்தி வாசித்தார். அதைவிட நன்றாக நான் வாசித்திருக்க மாட்டேன்.

அஞ்சலை என் பக்கத்தில் நின்றிருந்தார்.

“ஜெயிச்சமா தோத்தமா சார்?”

“தோத்துட்டோம்.”

“படகு ஏறுமா?”

“ஏறும்.”

“அப்ப தோத்தது நீங்கதான்” என்றார். கொஞ்ச தூரம் நடந்தவர் திரும்பி வந்தார். “வருஷா வருஷம் போயி நின்னுகினு கேக்கணும். அதான் பேஜாரு.”

அந்தப் பேஜார்தான் என் வாதத்தின் சாரம். ஒருவனிடம் உரிமை இருந்தால் அவன் கேட்டு நிற்க வேண்டியதில்லை. மேடம் வடக்குக் குப்பத்தாரை நிரந்தரமாகக் கேட்கிறவர்களாக ஆக்கினார் என்று நான் அன்று எழுதினேன். அடுத்தவரிடம் கூலி கேட்டு நின்ற பெற்றோரின் மகள் இதை எப்படிச் செய்தார் என்றும் மனதில் நினைத்தேன், அதை எழுதவில்லை.

ஒவ்வொரு புரட்டாசியிலும் அவர் சாட்சியாகப் போனார். நானும் போனேன். தட்டு கைமாறியதும் நான் எழுந்து, “வடக்குக் குப்பத்தின் உரிமைக் கோரிக்கைக்குப் பங்கமில்லாமல் இது நடக்கிறது” என்று சொல்வேன். சொல்லாமல் விட்டால், கேட்டு நின்றதே உரிமை இல்லை என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். “கேட்டாச்சு சார்” என்பார் மேடம். அவ்வளவுதான். தெற்குக் குப்பத்தார் முதலில் முறைத்தார்கள். பிறகு அதையும் சடங்கில் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கடைசியாக வந்த ஆண்டு செங்கல்பட்டிலிருந்து என் காரில் வந்தார். கால் வீங்கியிருந்தது. மணலில் நடக்க முடியாமல் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது, இதெல்லாம் உங்களுக்குப் பிறகு எத்தனை நாள் நடக்கும் என்று கேட்டேன். நல்ல எண்ணத்தில் கேட்டதாகச் சொல்ல முடியாது. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார். “நான் செத்தா முறியற தீர்ப்புன்னா அது தீர்ப்பே இல்ல சார். என் மூஞ்சிக்காக நடந்ததுன்னு அர்த்தம். அப்படின்னா நீங்க எழுதினதுதான் சரி.”

அச்சரப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு குப்பத்திலிருந்தும் வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். தனித்தனியாகத்தான் நின்றார்கள். மண் தள்ளி முடிந்து நானும் அஞ்சலையும் வாசலுக்கு வந்தபோது எல்லப்பனின் தம்பி மகன் பிரபு யாரிடமோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. “மேடம் பூட்டாங்க. அந்தப் பேச்சும் அதோட பூட்ச்சு.” அஞ்சலை அங்கேயே நின்றுவிட்டார்.

“புரட்டாசி வந்துகினு கீது சார்” என்றார் பிறகு. “படகுக்கு இப்பதான் புது எஞ்சினு வெச்சேன். நீங்க வருவீங்கல்ல?”

வருகிறேன் என்றேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிரபு சொன்னபடி நடந்தால் என் மாறுபட்ட கருத்து சரியென்று ஆகும். அஞ்சலையின் படகு விற்பனைக்குப் போகும்.

இந்தப் புரட்டாசியில் போனோம். தெற்குக் குப்பத்துக் கோயில் பந்தலின் கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. மேடம் உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. யாரும் அதற்காகக் காலியாக விட்டதாகவும் தெரியவில்லை. அஞ்சலை தட்டை நீட்டினார். எல்லப்பன் கை நீட்டுவதற்குள் பிரபு எழுந்தான்.

“பெரிப்பா, இத வாங்கணும்னு இன்னா இப்ப? சொன்னவங்களே இல்ல. யாருக்கு பதில் சொல்லணும்?”

எல்லப்பனுக்கு வயதாகிவிட்டது. உட்கார்ந்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“தாள்ல கையெழுத்து போட்டது யார்ரா? மேடமா?”

“நீ போட்ட.”

“நான் போடல. ஊரு போட்டுச்சு. என் கை எழுதுச்சு. நாளைக்கு நான் பூட்டாலும் ஊரு இங்கதானே கெடக்கும்? ஒக்காரு.”

பிரபு உடனே உட்காரவில்லை. அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர் நின்றார்கள். “நம்ம கரை நம்முதுன்னு அந்தத் தீர்ப்புலதானடா கீது?” என்றார் எல்லப்பன். “அத கிழிச்சா அதையும் சேர்த்துத்தான் கிழிக்கணும். கிழிக்கலாமா?” நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவன் உட்கார்ந்தான். பிறகு மற்றவர்கள். பிரபு பந்தல் காலில் சாய்ந்துகொண்டு நின்றான். எல்லப்பன் தட்டை இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். “வடக்குக் குப்பத்தின் உரிமைக் கோரிக்கைக்குப் பங்கமில்லாமல் இது நடக்கிறது” என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். பதில் வர வேண்டிய இடத்திலிருந்து வரவில்லை. உட்காரலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

“கேட்டுகினோம் சார்” என்றார் எல்லப்பன். “வருஷா வருஷம் இதையே சொல்றீங்களே, சலிக்கலையா?”

“இல்ல.”

“சொல்லட்டும் அண்ணாத்த” என்றார் அஞ்சலை. “நாளைக்கு உங்க கரைய கடல் துன்னுட்டா, எங்க கரைக்கு வர்றப்ப இவரத்தான் கூட்டினு வரணும் நீ.”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. பிரபுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். சிரித்தானா என்று தெரியவில்லை. நாஸ்தா போட்டார்கள். இட்லியும் வாளை மீன் குழம்பும். எனக்கு ஒரு பக்கம் எல்லப்பன், எதிரே பிரபு. வழக்கமாக நான் பேச்சு முடிந்ததும் காருக்குப் போய்விடுவேன். அன்று போகவில்லை.

அவரைப் பற்றி எல்லோரும் எழுதுவது போல என்னால் எழுத முடியாது. அவர் என் வழிகாட்டி அல்ல, நண்பரும் அல்ல. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு பழக்கம்: ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேராக, முழுதாகச் சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் அவர்களோடு உட்கார்ந்திருப்பது. அவருடைய தீர்ப்பு தவறு என்றே இன்றும் நினைக்கிறேன். அந்தத் தவறான தீர்ப்பின்படி அன்று பிற்பகல் அஞ்சலையின் படகு தெற்குக் கரையில் ஏறியது.